பக்கத்து வீட்டுக்குப் போன ராணிகள்

ஹூஸ்டன் முழுக்க உறைபனி வரப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று ஊரே கடைகளில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்றது. அல்போன்சா மட்டும் காரை எடுத்துக்கொண்டு ரோசன்பர்க்கைத் தாண்டி, தோழி ஷ்யாமளாவின் நிலத்துக்குப் போனாள். அங்கே ஒரு வேலியோரமாக அவளுடைய தேன்பெட்டிகள் இருந்தன.

அல்போன்சா தூத்துக்குடிக்காரி. சுகர் லேண்டில் வீடு. ஓர் எரிசக்தி நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியாளராக வேலை. கணவர் கிருபைராஜ் எண்ணெய் வயல் வேலையாக மாதத்தில் பாதி நாள் மிட்லண்டில் இருப்பார். ஒரே மகள் ஃபெமினா ஆஸ்டினில் படிக்கிறாள். வீட்டில் பெரும்பாலும் இவள் தனியாகத்தான். தேனீ வளர்ப்பு அப்படி வந்து சேர்ந்த பழக்கம்.

அவள் எடுத்து வரப் போனது தேனை அல்ல, ராணிகளை. ஒரு பெட்டியில் ஒரு ராணித்தேனீதான் இருக்க முடியும். இரண்டை விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை போடும். ஆனால் அல்போன்சா ஒரே பெட்டிக்குள் பதினொரு ராணிகளை வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுள்ள கம்பிவலைக் கூண்டுக்குள் தனித்தனியாக இருந்தது. வேலைக்காரத் தேனீக்கள் வலைக்கு வெளியே நின்றபடி எல்லா ராணிக்கும் ஊட்டிவிடும். டெக்ஸஸின் சாதாரணக் குளிருக்கு இந்த ஏற்பாடு தாங்கும்.

பெருங்குளிருக்குத் தாங்காது. குளிர் ஏற ஏற, பெட்டியில் உள்ள தேனீக்கள் எல்லாம் நெருங்கி ஒரு பந்து போலச் சேர்ந்துகொள்ளும். அந்தப் பந்துக்குள்தான் சூடு. கூண்டில் இல்லாத ராணி அதோடு நகர்ந்து நடுவில் போய்ப் பத்திரமாக இருந்துகொள்ளும். கூண்டில் இருப்பது எங்கே போகும்? பந்து ஒரு சாண் தள்ளிப் போனாலும் அது இருந்த இடத்திலேயே விறைத்துச் செத்துவிடும்.

"பெட்டிய கம்பளி போட்டு மூடிட்டா போதாதா?" என்று ஷ்யாமளா கேட்டாள். அவள் குழந்தைகள் மருத்துவர். தேனீக்கு இடம் கொடுத்தாளே தவிர, பக்கத்தில் வரமாட்டாள். வேலிக்கு அப்பாலேயே நின்றாள்.

"மத்த பெட்டிக்கெல்லாம் போதும். இதுங்களுக்குப் போதாது."

"அதுக்குன்னு வீட்டுக்கா எடுத்துட்டுப் போவே?"

"ஹீட்டர் ஓடுற ரூம்ல வச்சா ஒரு வாரம் தாங்கும். அப்புறம் கொண்டாந்து விட்டுருவேன்."

ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ராணிக்குத் துணையாக ஏழெட்டு வேலைக்காரத் தேனீக்களையும், தின்பதற்குச் சர்க்கரைக் கட்டியையும் வைத்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அடுக்கி எடுத்து வந்தாள்.

அந்தப் பதினொன்றுக்காக அவள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்னால் பெட்டிகள் சுகர் லேண்டில் அவள் வீட்டுக் கொல்லையிலேயேதான் இருந்தன. பக்கத்து வீட்டில் பசுபதி, மீனாக்ஷி, அவர்கள் மகள் ஷ்ரேயா. சென்னைக்காரர்கள். ஒரு கோடையில் ஒரு பெட்டியின் ராணி செத்துப்போய், தேனீக்களே புது ராணியை உருவாக்கிக்கொண்டன. அந்தப் பக்கத்துக் காட்டுத்தேனீயின் முரட்டு ரத்தம் அதில் கலந்துவிட்டது. ஒரு நாள் காலை ஆறு வயது ஷ்ரேயா வேலியோரம் பந்தை எடுக்கப் போக, கண் இமையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டன. முகம் வீங்கி, மூச்சு இழுத்து, குழந்தையை எமர்ஜென்ஸிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பசுபதி நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் எழுதினான். பெட்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அல்போன்சாவும் குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று முதல் நாள் நினைத்தாள். உத்தரவு வந்த பிறகு எந்த முகத்தோடு போவது என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது எதிர்ப்பட்டால்கூட இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் அந்தச் சம்பவம் அவளை விடவில்லை. முரட்டுப் பெட்டியை அழித்தாள். இருந்ததிலேயே சாதுவான பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அதன் முட்டைகளிலிருந்து புது ராணிகளை வளர்த்தாள். கையுறை இல்லாமல் தேனடைச் சட்டத்தைத் தூக்கினாலும் அசையாத தேனீக்கள் அவை. சென்ற இலையுதிர்காலத்தில் பதினொரு ராணிகள் தேறின. குளிர்காலம் தாண்டினால், வசந்தத்தில் எல்லாப் பெட்டிகளிலும் இவற்றின் பிள்ளைகளே இருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிருபைராஜுக்கே பாதிதான் தெரியும்.

திங்கட்கிழமை விடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே பனி. சுகர் லேண்டில் பிறந்த குழந்தைகள் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பனியைப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. அல்போன்சாவின் வீட்டில் அடுப்பும் மின்சாரம், காரும் மின்சாரம். கார் பேட்டரியில் இருந்ததைக் கொண்டு திங்கட்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் தெருவிலேயே காருக்குள் உட்கார்ந்து சூடு ஏற்றிக்கொண்டாள். இருந்த சார்ஜ் கொஞ்சம்தான், இரவோடு அதுவும் தீர்ந்துவிட்டது.

ராணிகளை உடம்போடு வைத்துக்கொண்டாள். துணிப்பையைக் கழுத்தில் மாட்டி, ஸ்வெட்டருக்குள் போட்டு, மேலே ஜாக்கெட்டைப் பூட்டினாள். அவ்வப்போது பையை எடுத்து ஒவ்வொரு கூண்டின் வலை மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். குட்டி நாக்குகள் நீண்டு வந்து உறிஞ்சும். மறுபடியும் உள்ளே போட்டுக்கொள்வாள். மார்பில் லேசான அதிர்வு தெரியும். அது இருக்கும்வரை எல்லாம் சரி என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அதிர்வு குறைந்துவிட்டது. அவளுக்கே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் சூட்டில் இன்னொன்றைக் காப்பாற்ற, முதலில் அவளிடம் சூடு வேண்டுமே.

கிருபைராஜ் போனில் வந்தார். அவர் தங்கியிருந்த இடத்தில் ஜெனரேட்டர் இருந்தது. ரோடெல்லாம் பனி மூடி, அவர் கிளம்பி வர வழியில்லை.

"பக்கத்து வீட்ல போய் உக்காரு. அவங்ககிட்ட மினிவேன் இருக்கு, பெட்ரோல் வண்டி. கொஞ்ச நேரம் சூடு பண்ணிக்க."

"அவங்க வீட்டுக்கா?"

"இந்த நேரத்துல எவனும் பழசப் பேச மாட்டான், அல்போன்ஸ். போ."

போன் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. அதற்கு மேலும் அவள் ஒரு மணி நேரம் யோசித்தாள். தனக்காக என்றால் போயிருக்க மாட்டாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். உங்கள் பெண்ணைக் கொட்டிய பூச்சிக்கு உங்கள் வண்டியில் இடம் வேண்டும் என்றா கேட்பது? மின்சாரம் இல்லாமல் வாசல் மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திரும்பிவிடலாம் என்று படியிறங்கியபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மூடியிருந்த கராஜ் கதவுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் விஷவாயு தேங்கி என்ன ஆகும் என்று வருடத்துக்கு இரண்டு முறை நூறு பேருக்கு வகுப்பெடுக்கிறவள் அவள். கராஜ் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "பசுபதி, வண்டிய ஆஃப் பண்ணுங்க. மீனாக்ஷி, கேக்குதா?" உள்ளேயிருந்து எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

911ஐ அழைத்தாள். வெகுநேரம் ஒலித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். விலாசத்தைச் சொல்லி முடித்ததும், ஆட்கள் வர நேரமாகும் என்று அவள் சொல்லும்போதே போன் அணைந்துவிட்டது.

அல்போன்சா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். சமையலறை ஜன்னல் தாழ்வாக இருந்தது. ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளின் மேல் போடுவதற்கு ஜாக்கெட்டைக் கழற்றினாள். வயிற்றை அழுத்திக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். கழுத்தில் பை தொங்கியது. நசுங்கிவிடும். ஒரு கணம் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கழற்றி அங்கிருந்த பார்பிக்யூ அடுப்பின் மூடி மேல் வைத்துவிட்டு ஜன்னலில் ஏறினாள்.

இரண்டு வீடுகளும் ஒரே கம்பெனி கட்டியவை. இவள் வீட்டில் இடது பக்கம் இருப்பது அங்கே வலது பக்கம், அவ்வளவுதான். முதலில் போய் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். பிறகு துணி துவைக்கும் அறையைத் தாண்டி, கராஜுக்குப் போகும் கதவின் முன் நின்று, மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டாள். வாயு இருக்கும் இடத்துக்குள் ஓடிப்போய்க் காப்பாற்றப் போகிறவன்தான் அடுத்த பிணம் என்று வகுப்பில் சொல்வாள். அது நினைவிருந்தது. உள்ளே போனாள்.

மினிவேனைத் தாண்டி ஓடி, கராஜ் மோட்டாரிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தாள்; அதை இழுத்தால்தான் மின்சாரம் இல்லாதபோது கதவைக் கையால் தூக்க முடியும். கதவைக் கீழிருந்து பிடித்துத் தூக்கினாள். பாதி ஏறி நின்றது. வெளியே குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தோளைக் கொடுத்து முழுதும் தூக்கினாள். திரும்பப் போய் எஞ்சினை அணைத்தாள்.

முன்சீட்டில் பசுபதி தலை சாய்ந்து கிடந்தான். மீனாக்ஷி கண் திறந்தாள், ஆனால் இவளை அடையாளம் தெரியவில்லை. ஷ்ரேயா பின்சீட்டில் போர்வைக்குள் தூங்குவதுபோல இருந்தாள். மடியில் டேப்லெட்டில் ஏதோ கார்ட்டூன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்தவெளியில், பனி மேல் போர்வையோடு கிடத்தினாள். கன்னத்தைத் தட்டினாள். "ஷ்ரேயா, ஆன்ட்டியப் பாரு. கண்ணத் தொற." எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவரும் இவளும் சேர்ந்து பசுபதியை இழுத்து வந்தார்கள். மீனாக்ஷி தானே இறங்கித் தள்ளாடி வந்து வாந்தி எடுத்தாள்.

குளிர்ந்த காற்று பட்டதும் ஷ்ரேயா இருமினாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் அல்போன்சா போர்வையை அவள் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

தீயணைப்பு வண்டியிலும் ஆம்புலன்ஸிலும் வந்தவர்கள் மூவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஏறப்போகும்போது மீனாக்ஷி திரும்பி, ஜாக்கெட் இல்லாமல் நின்ற அல்போன்சாவைப் பார்த்தாள். முகக்கவசத்தை நகர்த்திவிட்டு, "வண்டிய வெளிய எடுத்து அதுல உக்காருங்கக்கா. சாவி அதுலயே இருக்கு," என்றாள். அக்கா என்று அவள் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வண்டி போன பிறகுதான் பையின் ஞாபகம் வந்தது.

அது வைத்த இடத்திலேயே இருந்தது. இரும்பு மூடி பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தாள். எல்லாக் கூண்டிலும் தேனீக்கள் கால் மடங்கிக் கிடந்தன. மினிவேனை வெட்டவெளிக்குப் பின்னெடுத்து நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திருப்பினாள். காற்று வரும் துவாரத்துக்கு எதிரே கூண்டுகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டாள். குளிரில் விறைத்த தேனீ செத்ததா தூங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சூடு பட்டால்தான் தெரியும்.

நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு கூண்டில் ஒரு கால் துடித்தது. இன்னொன்றில் ஒரு ராணி புரண்டு எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. நான்கு கூண்டுகளில்தான் அப்படி. மற்ற ஏழும் எத்தனை முறை திருப்பினாலும் அப்படியே கிடந்தன. அல்போன்சா அவற்றை விரலால் தடவிக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் அந்த வண்டியிலேயே போனைச் சார்ஜ் போட்டுக் கிருபைராஜை அழைத்தாள். நடந்ததை அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "மூணு உயிர் பொழச்சிருக்கு. ஆண்டவருக்கு நன்றி சொல்லு. ராணிய அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

"சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அழுகுற?"

"தெரியல," என்றாள். தெரியும். சொன்னால் மூன்று மனிதர்களுக்கு எதிரே ஏழு பூச்சிகளை வைத்து எண்ணுகிறவள்போலத் தோன்றும். அதனால் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் மின்சாரம் வந்தது. மூவரும் வீடு திரும்பியிருந்தார்கள். ஒரு காலை பசுபதி வந்து கதவைத் தட்டினான். கையில் அவளுடைய ஜாக்கெட், தோய்த்து மடித்தது. உள்ளே வந்து உட்கார்ந்தும் ஜாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

"கதவு ஒரு அடி தொறந்துதான் வச்சிருந்தேன் மேடம். எனக்கும் தெரியும், மூடக்கூடாதுன்னு. பாப்பா குளிருதுப்பான்னு அழுதா. அஞ்சு நிமிஷம் மூடிட்டுத் தொறந்துடலாம்னு..."

"தெரியும் தம்பி. அஞ்சு நிமிஷம்னுதான் எல்லாரும் மூடுவாங்க. அந்த விஷவாயு மூளையத்தான் முதல்ல பிடிக்கும். எந்திரிச்சுத் தொறக்கணும்னு தோணவே விடாது. உங்க தப்புன்னு நெனைச்சுக்கிட்டே இருக்காதீங்க."

அவள் காபி கலந்து கொண்டுவந்தாள். பாதி குடித்துவிட்டு அவன் கேட்டான்: "நீங்க எதுக்கு மேடம் அன்னைக்கு வந்தீங்க? மீனா கேட்டுட்டே இருக்கா. நாங்க பேசறதுகூட இல்லையே."

அல்போன்சா சொல்லத் தயங்கினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். பதினொரு ராணிகள், கூண்டு, கழுத்தில் மாட்டிய பை, வண்டியில் கொஞ்ச நேரம் உட்காரக் கேட்கலாம் என்று வந்தது.

"அந்தத் தேனீக்காகவா?"

"அதே தேனீ இல்ல. இதுங்க சாது. அந்த மாதிரி இன்னொரு குழந்தைக்கு ஆகக்கூடாதுன்னு வளத்தது."

பசுபதி காபியைக் கீழே வைத்தான். "இப்ப எங்க இருக்கு?"

அவள் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். விளக்கின் சூட்டில் நான்கு கூண்டுகள் இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மற்ற ஏழும். அவளுக்கு இன்னும் அவற்றை எறிய மனம் வரவில்லை. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஜன்னல்ல ஏறும்போது வெளிய வச்சிட்டீங்களா?"

"ஆமா."

"எங்களாலதான் போச்சு."

"குளிரால போச்சு தம்பி."

அந்த ஏழின் சாவைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். அன்று அவன் போன பிறகுதான் அவளால் அந்த ஏழையும் கொல்லையில் ஒரு செடியடியில் புதைக்க முடிந்தது.

மறுவாரம் மீனாக்ஷி வந்தாள். வெளிப்படையாகப் பேசுகிறவள் அவள். "அக்கா, நீங்க செஞ்சதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. ஆனா சங்கத்துல குடுத்த கம்ப்ளெயிண்ட்டை வாபஸ் வாங்கட்டுமான்னு இவர் கேக்கறார். எனக்கு முடியல. பெட்டி இங்க வந்தா எனக்குத் தூக்கம் வராது. தப்பா நெனைக்காதீங்க."

"வாபஸ் வாங்க வேண்டாம். பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதான் நல்லது." பிறகு அல்போன்சா, "அன்னைக்குப் பாப்பாவ ஆஸ்பத்திரில வந்து பாத்திருக்கணும். வரல. அது எனக்கு மனசுல கெடக்கு," என்றாள்.

"இவரும் நேர்ல வந்து சொல்லிட்டு எழுதியிருக்கலாம்," என்றாள் மீனாக்ஷி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைத் தட்டில் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள்.

மார்ச்சில் அல்போன்சா நான்கு ராணிகளையும் நான்கு பெட்டிகளில் விட்டாள். உறைபனிக்குத் தப்பினாலும், குளிர் உள்ளே எதைக் கெடுத்திருக்கும் என்று வெளியே தெரியாது. இரண்டு ராணிகள் இட்ட முட்டையெல்லாம் ஆண் தேனீயாகவே வந்தது. ஆண் தேனீ வேலை செய்யாது. அந்தப் பெட்டிகள் மெல்ல இளைத்துக்கொண்டே போயின. மற்ற இரண்டு ராணிகளும் இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவைத்தாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பார்க்கக் கிளம்பியபோது, கனமான பெட்டிகளைத் தூக்க நானும் வரேன் என்று பசுபதி வந்தான். ஷ்ரேயாவும் அடம்பிடித்து வந்தாள். ஆனால் நிலத்துக்குப் போனதும் மினிவேனை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டு, மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

பசுபதி தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் வியர்த்துக்கொண்டு நின்றான். அல்போன்சா வெறுங்கையால் சட்டத்தை மெதுவாக உருவி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். அறைகளின் அடியில் அரிசி நொய்யைவிடச் சன்னமாக, அறைக்கு ஒன்றாக முட்டைகள் நின்றன. பக்கத்தில் மூடியிட்ட அறைகள், தட்டையாக, ஒழுங்காக. வேலைக்காரத் தேனீக்கள் பிறக்கப்போகும் அறைகள் அவை. அடுத்த பெட்டியிலும் அப்படியே. தேனீக்கள் அவள் விரல்மேல் ஏறி இறங்கி, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இது நல்லதா மேடம்?" என்று பசுபதி கிசுகிசுத்தான்.

"ரொம்ப நல்லது. இந்த ரெண்டுலேருந்து இனிமே வேணுங்கிற அளவுக்கு ராணி எடுக்கலாம்."

மினிவேன் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. "ஆன்ட்டி, இஸ் ஷீ ஓகே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நல்லாருக்கா பாப்பா," என்றாள் அல்போன்சா. "நெறைய முட்டை போட்டிருக்கா."

கண்ணாடி மறுபடியும் ஏறியது. பசுபதி மூடியைத் தூக்கிக் கொடுக்க, அவள் அதை வாங்கி, ஒரு தேனீயும் நசுங்காதபடி ஓரமாகச் சாய்த்துப் பெட்டியை மூடினாள்.